நடவுப்பாட்டுக்கு எந்த கார்ட்?

அன்புள்ள ஐயா,

நான் தேனிப் பக்கம் ஒரு கிராமத்தான். இப்போது கோவையில் வேலை. ஒரு வருடமாக கிதார் வகுப்புக்குப் போகிறேன். கார்ட் (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) போட்டுக் கொடுத்தால் சினிமாப் பாட்டை ஓரளவு வாசித்துவிடுவேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பத்தாவைப் பாடச் சொல்லி போனில் பதிவு செய்தேன். வயலில் அவர் பாடிய நடவுப்பாட்டு. அத்தையும் சித்தியும் பின்பாட்டு. இதை கிதாரில் வாசிக்க வேண்டும் என்று ஆசை.

கார்ட் கண்டுபிடிக்கும் ஒரு செயலியில் போட்டால் கண்ணிக்குக் கண்ணி வேறு கார்ட் காட்டுகிறது. கடைசியில் குலவை போடுகிறார்கள், அதற்கும் ஏ மைனர் செவன் என்கிறது. சுரம் சுரமாகத் தேடினால் சில சுரங்கள் எந்த ஃப்ரெட்டிலும் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பி) உட்காரவில்லை. எஃப் ஷார்ப் பக்கம் தொடங்கி ஜி-யில் முடிகிறது. வகுப்பில் கேட்டதற்கு, “ஸ்ருதி சேராத பாட்டு, விட்டுவிடு” என்றார்கள். எனக்குக் காது இல்லையா, அப்பத்தாவுக்கு ஸ்ருதி இல்லையா? கிதாரில் வாசித்தால் பாட்டு கெட்டுப்போகுமா? பதிவை இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

பதிவை முழுக்கக் கேட்டேன். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அரைச்சுரம் ஏறியிருப்பதை நீங்களாகவே கண்டுபிடித்திருக்கிறீர்கள். அப்புறம் காது இல்லையா என்று ஏன் கேட்கிறீர்கள்? அப்பத்தாவுக்கும் ஸ்ருதி இருக்கிறது. தம்பூராவோ ஸ்ருதிப்பெட்டியோ இல்லாமல் கூட்டமாகப் பாடும்போது உற்சாகம் ஏற ஏறக் குரலும் கொஞ்சம் ஏறும். எல்லோரும் சேர்ந்து ஏறுவதால் பாடுகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாக வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு வரிக்குள் சுரத்துக்கும் சுரத்துக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். முதல் கண்ணியில் எப்படியோ அப்படியேதான் கடைசிக் கண்ணியிலும் இருக்கிறது. நீங்கள் கிதாருக்குக் கொண்டுபோக வேண்டியது அந்த இடைவெளிகளைத்தான்.

செயலியைக் குறைசொல்லியும் பயனில்லை. கார்ட் காட்டுவதற்கென்றே செய்த பொருள், எதைப் போட்டாலும் கார்ட் காட்டும். தனிக்குரலில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கிறது. அந்த ஒரு சுரம் பல கார்டுகளில் வரும். அதனால் அது ஊகிக்கிறது, ஊகம் கண்ணிக்குக் கண்ணி மாறுகிறது. குலவைக்கு ஏ மைனர் செவன் என்பதைப் படித்து நன்றாகச் சிரித்தேன்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு நீங்கள் பாடுங்கள். வாயில் வராத பாட்டு விரலில் வராது. சொல்லோடு பாடவேண்டாம், தன்னானேயில் பாடுங்கள். அப்பத்தாவே அப்படித்தான் ஆரம்பிக்கிறார். முதல் சொல் வருவதற்கு முன்னால் மெட்டு முழுவதையும் ஒருமுறை தன்னானே போட்டுக் காட்டிவிடுகிறார், பின்பாட்டுக்காரர்கள் பிடித்துக்கொள்வதற்காக. உங்களுக்கும் அதுதான் பாடம். எந்த இடத்தில் நீட்டுகிறார், எந்த இடத்தில் வெட்டுகிறார் என்பது அதிலேயே இருக்கிறது. சொல்லோடு கேட்டால் கவனம் பொருளுக்குப் போய்விடும்.

அடுத்தது சட்ஜம், அதாவது ச ரி க ம ப த நி-யில் முதலாவதான ச, பாட்டுக்கு ஆதாரமான சுரம். கிதார் வகுப்பில் படித்தவர்கள் பாட்டின் முதல் சுரத்தையோ ஆகக் கீழான சுரத்தையோ சட்ஜம் என்று நினைத்துக்கொள்வார்கள். நம் நாட்டுப்பாடல் மெட்டுகளில் இது அடிக்கடி தவறிப்போகும். உங்கள் பாட்டிலேயே பாருங்கள், வரி எங்கே வந்து அடங்குகிறதோ அதற்கும் கீழே இரண்டு சுரம் இறங்கித் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. அத்தையும் சித்தியும் வரி முடிவில் சேர்ந்து இழுக்கிறார்களே, அந்தச் சுரம்தான் சட்ஜம். சந்தேகமாக இருந்தால் அந்த ஒரு சுரத்தை மட்டும் விடாமல் மீட்டிக்கொண்டு மேலே பதிவை ஓடவிடுங்கள். முழுப் பாட்டும் அதன்மேல் நிம்மதியாக உட்கார்ந்தால் சரி.

எனக்கு இதில் செஞ்சுருட்டியின் வாடை அடிக்கிறது. காவடிச்சிந்து பாடுகிறவர்கள் பலர் எடுக்கும் அதே ராகம். மேல் சட்ஜத்துக்குப் போகாமல் பெரும்பாலும் கீழே தைவதத்திலிருந்து மேலே நிஷாதம் வரைக்கும் உலவும். நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி, நவரோஜ் எல்லாமே இப்படி மேல் சட்ஜத்தை எட்டாமல் முடங்கிய ராகங்கள்தான். கச்சேரியில் இவற்றைப் பாடும்போது மத்யம ஸ்ருதி வைத்துக்கொள்வார்கள், அதாவது வழக்கமான மத்யமத்தையே சட்ஜமாக எடுத்துக்கொள்வார்கள். மேலே ஏறாத பாட்டில் குரல் அமுங்கிப்போகாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. ராகப் பெயர் உங்களுக்கு ஒரு கைகாட்டி, அவ்வளவுதான். அப்பத்தா செஞ்சுருட்டியின் இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டுப் பாடவில்லை. எங்காவது விலகினால் அவர் பக்கமே நில்லுங்கள்.

இனி கிதாரை எடுக்கலாம். பதிவிலிருந்து முதல் கண்ணியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள், குரல் ஏறும் தொல்லை இருக்காது. அங்கே அப்பத்தாவின் சட்ஜம் நாலரைக் கட்டைக்கு, அதாவது எஃப் ஷார்ப்புக்கு, கொஞ்சம் மேலே நிற்கிறது. ஆடாசிட்டி மாதிரி ஒரு மென்பொருளில் போட்டு, இரண்டு கட்டையில், அதாவது டி-யில் வந்து நிற்கும்வரை சுருதியை இறக்குங்கள். நாலு அரைச்சுரமும் சில்லறையும் இறக்கவேண்டியிருக்கும். வேகத்தையும் முக்கால்வாசியாகக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கும் கீழே போகாதீர்கள், வழுக்கல்களெல்லாம் கரைந்துவிடும்.

டி எதற்கு என்றால், உங்கள் பாட்டு மொத்தமும் அப்போது இரண்டாம் தந்தி ஒன்றிலேயே கிடைக்கும். அது பி தந்தி. எதையும் அழுத்தாமல் மீட்டினால் கீழ்த் தைவதம். 1ஆம் ஃப்ரெட் கீழ் நிஷாதம், 3 சட்ஜம், 5 ரிஷபம், 7 காந்தாரம், 8 மத்யமம், 10 பஞ்சமம், 12 தைவதம், 13 நிஷாதம். முடிந்தது. பாட்டு இதற்கு வெளியே போவதில்லை. பல தந்திகளில் பிரித்து வாசித்தால் கைக்கு வசதி, ஆனால் ஒரே தந்தியில் மேலும் கீழும் போனால்தான் எந்தச் சுரத்திலிருந்து எதற்கு எவ்வளவு தூரம் என்று கண்ணும் கையும் சேர்ந்து பழகும், வழுக்கவும் முடியும். பதிவுக்கு ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரையான தூரம்) தள்ளி ஒலிக்கலாம், அது பரவாயில்லை.

எந்த ஃப்ரெட்டிலும் உட்காரவில்லை என்று நீங்கள் சொல்லும் சுரம் காந்தாரம்தான். ஏறும்போது அப்பத்தா 7ஐ ஒட்டி நிற்கிறார். இறங்கும்போது 6க்கும் 7க்கும் நடுவே எங்கோ தொட்டுவிட்டு ரிஷபத்துக்கு வழுக்கிவிடுகிறார். உங்கள் கிதாரில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி ஃப்ரெட் அடித்திருக்கிறார்கள். அரைச்சுரம் 100 சென்ட் என்று கணக்கு வைத்தால் அந்தர காந்தாரத்துக்கான, அதாவது மேல் காந்தாரத்துக்கான ஃப்ரெட் சட்ஜத்திலிருந்து 400இல் விழும். தம்பூராவோடு இயல்பாகச் சேரும் அந்தர காந்தாரமே 386இல்தான் இருக்கிறது. அப்பத்தாவின் இறங்கு காந்தாரம் அதற்கும் கீழே.

இது ஒன்றும் புதிய சிக்கல் கிடையாது. வீணையிலும் இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டுதான் (அங்கே ஃப்ரெட்டுக்கு மெட்டு என்று பெயர்). நடுவில் இருப்பதைத் தந்தியை இழுத்துத்தான் எடுக்கிறார்கள். மெட்டு வைத்த மாண்டலினில் யு. ஸ்ரீநிவாஸ் ஜாருவும் (வழுக்கல்) கமகமுமாக (சுரத்தை அசைப்பது) வாசித்ததைக் கேட்டிருப்பீர்கள். மிசிசிப்பிப் பக்கம் புளூஸ் வாசித்த கறுப்பினக் கலைஞர்கள் கத்தியையும் பாட்டில் கழுத்தையும் தந்திமேல் உரசவிட்டதும் இப்படி நடுவில் கிடக்கும் சுரங்களுக்காகத்தான். அவர்களுக்கும் தொல்லை கொடுத்தது பெரும்பாலும் இந்தக் காந்தாரமே.

நீங்கள் செய்யவேண்டியது இது. இறங்குகிற இடத்தில் 6ஆம் ஃப்ரெட்டில் விரலை வைத்துத் தந்தியைக் கொஞ்சம் மேலே தள்ளுங்கள். அரைச்சுரத்தில் பாதி ஏறினால் போதும். ஏறியவுடன் அழுத்தத்தை விடாமல் அப்படியே 5க்கு இழுத்துக்கொண்டு வாருங்கள். வலக்கை ஒருமுறைதான் மீட்ட வேண்டும், இரண்டாம் முறை மீட்டினால் அது இரண்டு சுரமாகப் பிரிந்துவிடும். இரும்புத் தந்தியில் இது நன்றாக வரும். நைலானில் தள்ளினாலும் சுரம் அவ்வளவாக ஏறாது. அங்கே 7லிருந்து 5க்கு நடுவில் நிற்காமல் வழுக்குவதே வழி.

இப்போது கார்ட். டி மேஜர் போட்டால் அதில் எஃப் ஷார்ப் இருக்கிறது, அதாவது மேல் காந்தாரம். டி மைனரில் எஃப் இருக்கிறது, கீழ்க் காந்தாரம். அப்பத்தா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். எதைப் போட்டாலும் இடிக்கும். இடித்ததும், குரல்தான் ஸ்ருதி சேரவில்லை என்று நமக்குத் தோன்றும். வகுப்பில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கவேண்டும். எனவே காந்தாரமே இல்லாத துணை வேண்டும். ஆறாம் தந்தியை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். இப்போது 6, 5, 4 மூன்றும் சும்மா மீட்டினாலே டி, ஏ, டி. சட்ஜம், பஞ்சமம், சட்ஜம். கட்டைவிரல் இவற்றில் போகட்டும், சுட்டுவிரல் இரண்டாம் தந்தியில் பாடட்டும். மூன்றாம் தந்தியை எழுப்பாதீர்கள். வரி கீழ் நிஷாதத்தைத் தொடும் இடத்தில் மட்டும் ஐந்தாம் தந்தியின் 3ஆம் ஃப்ரெட்டை அழுத்திப் பாருங்கள், அங்கே சி வரும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் கார்ட் எதுவும் எனக்குத் தோன்றவில்லை, தேவைப்படவும் இல்லை.

தாளத்தைப் பற்றி. தகிட தகிட என்று மூன்று மூன்றாகப் போகிறது, அது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் மெட்ரோனோம் (ஒரே வேகத்தில் தட்டும் தாளக் கருவி) வைத்தால் நாலாவது வரிக்குள் முட்டிக்கொள்ளும். நடவில் தாளவாத்தியம் கிடையாது. இடக்கையில் நாற்றுமுடி, வலக்கையால் பிரித்து ஊன்றி, ஒரு அடி பின்னால் வைக்கும் நடைதான் தாளம். குனிந்தபடியே பாடவேண்டும், மூச்சுக்கு இடம் வேண்டும். அதனால் அப்பத்தா வரியின் கடைசி எழுத்தை இழுத்துப் பிடிக்கிறார், பின்பாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் விடுகிறார். அந்த இழுவைக்கு எண்ணிக்கை கிடையாது. கட்டைவிரலில் சட்ஜத்தை ஓடவிட்டுக்கொண்டு காத்திருங்கள். பின்பாட்டு வரியை வேறு விதமாக, கொஞ்சம் அழுத்தியோ முதல் தந்திக்கு மாற்றியோ வாசித்தால் இரண்டு குரல் என்பது கேட்கிறவருக்குப் புரியும். முதல் தந்தியில் சட்ஜம் 10ஆம் ஃப்ரெட்.

கெட்டுப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை ஆர்மோனியத்தை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதன் கட்டைகளில் கமகம் வராது, சுரங்கள் நம் சுரங்கள் இல்லை என்று சொல்லி அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தடை செய்தது. 1971 வரை அந்தத் தடை இருந்தது. அவர்கள் சொன்ன காரணம் பொய் இல்லை, கொஞ்சம் முன்னால் நாம் பார்த்த கணக்குதான் அது. ஆனால் தெருக்கூத்தில் ஆர்மோனியப் பெட்டிக்காரர் இல்லாமல் ராஜா வேஷம் மேடைக்கு வருமா? கிதாராலும் ஒன்றும் கெடாது என்றே நினைக்கிறேன். எனக்கு இருக்கும் பயம் வேறு. காந்தாரத்தை ஃப்ரெட்டுக்குள் தள்ளி, இழுவையை நாலு நாலாக வெட்டி, டி மேஜரில் வாசித்து அதைப் பதிவேற்றினால், நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகளே அதைக் கேட்டுவிட்டு அப்பத்தா தப்பாகப் பாடுகிறார் என்பார்கள். நாட்டுப்பாடல் தொகுப்புகளில் பெரும்பாலானவை சொல்லை மட்டும்தான் அச்சிட்டன. மெட்டு குரலில்தான் இருக்கிறது. அந்தப் பதிவை ஒன்றும் செய்யாமல் அப்படியே இரண்டு மூன்று இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். வெட்டுவது, இறக்குவது எல்லாம் பிரதியில்.

ஒரு சந்தேகம். மூன்றாம் கண்ணியில் பின்பாட்டு எடுக்கும்போது உங்கள் அத்தை மட்டும் மத்யமத்தில் தொடங்குகிறார், சித்தி வழக்கம்போல ரிஷபத்தில். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் வரி முடிவில் சட்ஜத்தில்தான் சேருகிறார்கள். அத்தையின் பிறந்த ஊரும் சித்தியின் பிறந்த ஊரும் வேறு வேறு என்றால் அங்கங்கே கேட்ட மெட்டாக இருக்கலாம். அடுத்தமுறை போகும்போது இருவரையும் அந்தக் கண்ணியைத் தனித்தனியாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.