பாடம் ஒப்பிக்கிறாள், வாசிக்கத் தெரியவில்லை

கேள்வி: என் மகள் எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பாட்டையும் கதையையும் முதல் வரி எடுத்துக் கொடுத்தால் கடைசி வரை தடையில்லாமல் சொல்கிறாள். ஆனால், பேருந்துப் பலகையிலோ கடைப் பெயரிலோ உள்ள ஒரு சொல்லைக் காட்டினால் திருதிருவென விழிக்கிறாள். பள்ளியில் அவளை 'அரும்பு' குழுவில் வைத்திருக்கிறார்கள். அவளுடன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் 'மொட்டு' குழுவுக்குப் போய்விட்டான். கேட்டால், போகப் போகச் சரியாகிவிடும் என்கிறார் ஆசிரியை. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தையல் நிறுவனத்தில் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். மாலையில் என் மாமியார்தான் எழுத்துச் சொல்லித் தருகிறார். போன வாரம் கோபத்தில் பிள்ளையை அடித்துவிட்டேன். இவளைத் தனியார் ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றலாமா, இல்லை டியூஷன் வைக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிள்ளை பாடத்தை மளமளவென்று சொல்வதைக் கேட்டு நிம்மதியடைந்துவிடும் பெற்றோரே அதிகம். ஒப்பிப்பது வேறு, வாசிப்பது வேறு என்பதை இரண்டாம் வகுப்பிலேயே நீங்கள் கண்டுகொண்டது உங்கள் மகளுக்குப் பெரிய நன்மை. நான்காம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ தெரிய வரும்போது, அதற்குள் சமூக அறிவியலும் அறிவியலும் சேர்ந்து குழந்தையை அழுத்தத் தொடங்கியிருக்கும். இப்போது அவளுக்கு ஏழு வயதுதான். பள்ளியை மாற்ற வேண்டாம், டியூஷனும் இப்போதைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களைச் சொல்வதற்கு முன், அவள் எங்கே தடுக்கி நிற்கிறாள் என்பதைப் பார்த்துவிடுவோம்.

முதல் வகுப்பில் பாடம் பெரும்பாலும் கூட்டுக் குரலில் நடக்கிறது. ஆசிரியர் ஒரு வரி சொல்ல, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். பாட்டுக்கு இது மிகவும் நல்ல முறை. கூச்சப்படும் பிள்ளைக்கும் வாய் திறக்கும். ஆனால், காது கூர்மையான குழந்தை இரண்டே நாளில் பாடத்தை மனத்தில் வாங்கிக்கொண்டு, படத்தைப் பார்த்தே பக்கத்தை அடையாளம் கண்டு சொல்லிவிடும். உங்கள் மகள் அப்படிப்பட்டவள் என்று நினைக்கிறேன். இன்றிரவு அவளை விரல் வைத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள்: வாய் மூன்றாம் வரியில் இருக்கும்போது விரல் முதல் வரியிலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். பிறகு படத்தைக் கையால் மூடிக்கொண்டு, நடுவில் உள்ள ஒரு சொல்லை மட்டும் காட்டிக் கேளுங்கள். அவள் முதல் வரியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து அந்தச் சொல்லைப் பிடித்தால், நினைவுதான் வேலை செய்கிறது, கண் இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று பொருள். இவ்வளவு நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளையை மந்தம் என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, நம் எழுத்துகளையே ஒரு குழந்தையின் கண்ணால் பார்க்க வேண்டும். 247 என்ற எண்ணைக் கேட்டே பெற்றோர் பலர் மலைத்துவிடுகிறார்கள். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றோடு உயிர்மெய்யில் சேரும் குறிகளையும் பழகிக்கொண்டால், 216 உயிர்மெய்களில் பெரும்பகுதி தானே விளங்கிவிடும். சிக்கல் அந்தக் குறிகளில்தான் இருக்கிறது. 'தேன்' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது இரட்டைக் கொம்பு. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ தகரத்தின் ஒலி. 'கொக்கு' என்பதில் ஒரே எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பும் பின்னால் ஒரு காலும் நிற்கின்றன. உகர வரிசையோ எழுத்துக்கு எழுத்து உரு மாறுகிறது: 'சு', 'பு', 'வு' ஒரு விதம், 'து', 'நு', 'லு' இன்னொரு விதம், 'கு', 'டு', 'மு' வேறு விதம். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக் கொடுத்த குழந்தையிடம், இந்த இடத்தில் மட்டும் பின்னால் இருப்பதை முதலில் சொல் என்கிறோம். பெரியவர்களுக்கு இது பழகிப்போனதால் கண்ணில் படுவதேயில்லை.

புள்ளியும் அப்படித்தான். 'பட்டம்' என்பதைத் தொடக்க நிலைப் பிள்ளைகள் 'ப, ட, ட, ம' என்று நான்கு எழுத்துகளாகப் படித்துவிட்டு நிற்பார்கள். அதோடு, 'கடல்', 'பகல்', 'தங்கம்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒரே வடிவத்தில் இருந்தாலும் ஒலி ஒன்றாக இல்லை. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைத் தமிழ் பேசும் குழந்தைக்கு யாரும் விதியாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. அது தனக்குத் தெரிந்த சொல் என்று பிடிபட்ட கணத்தில் நாக்கு தானாகச் சரிசெய்துகொள்ளும். எனவே, எழுத்துக் கூட்டத் தொடங்கும் குழந்தைக்கு, அவள் வீட்டிலும் தெருவிலும் நாள்தோறும் கேட்கும் சொற்களையே கொடுக்க வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்லித் தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அக்கறை மதிப்புக்குரியது. அதை நிறுத்த வேண்டாம். ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். 1978-ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டு, பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் பள்ளிக்குச் சென்றவர்கள் 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றையும் 'ணை', 'லை', 'ளை', 'னை' ஆகியவற்றையும் வேறு வடிவில் எழுதப் பழகியவர்கள்; சிலருக்கு இன்னும் கை அப்படியே ஓடும். 'யானை', 'மலை', 'தலை' என்று குழந்தைப் பாடத்தில் வரும் சொற்களிலேயே இந்த எழுத்துகள் இருப்பதால், பாட்டி எழுதுவதும் புத்தகத்தில் இருப்பதும் வேறுபட்டால் பிள்ளை குழம்பும். கதை சொல்வதையும் சொல்லைக் கேட்டுச் சரிபார்ப்பதையும் அவரிடம் விட்டுவிட்டு, எழுதிக் காட்டுவதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவைப் பற்றிய உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2022 ஜூன் 13 அன்று தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புக் குழந்தைகளை, அவர்கள் எந்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் எதுவரை கற்றிருக்கிறார்கள் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. அரும்பு ஏறக்குறைய முதல் வகுப்பு நிலை, மொட்டு இரண்டாம் வகுப்பு நிலை, மலர் மூன்றாம் வகுப்பு நிலை. ஆகவே, உங்கள் மகளுக்கு முதல் வகுப்பில் விட்டுப்போன எழுத்துகளை இப்போது கற்பிக்கிறார்கள் என்பதே அந்தப் பெயரின் பொருள். உண்மையில் அவளுடைய தேவையும் அதுதான். எழுத்துக் கூட்டத் தெரியாமல் அவளை மொட்டுக் குழுவில் உட்கார வைத்தால், அங்கும் காதால் கேட்டு ஒப்பித்தே சமாளித்துவிடுவாள். பக்கத்து வீட்டுப் பையனோடு ஒப்பிட்டு அவள் காதுபட யாரும் பேசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற பதில் எனக்கும் போதுமானதாகத் தோன்றவில்லை. ஒரு பெற்றோருக்கு அதைவிடத் தெளிவான பதில் கிடைக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியதற்கு நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகள் வீட்டில் கிடக்கும். அவற்றின் வெற்றுப் பக்கத்தைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி, சீட்டுக்கு ஓர் எழுத்தாக ப, ட, ம, க, த, ர, ல என்றும், ம், ல், ட், த் என்றும் பெரிதாக எழுதுங்கள். கால் என்னும் துணையெழுத்தை மட்டும் ஒரு தனிச் சீட்டில் வேறு நிறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதல் வாரம் காலைத் தொடவே வேண்டாம். 'படம்', 'மரம்', 'கடல்', 'பகல்', 'பட்டம்' என்று தரையில் அடுக்கி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சொல்லச் செய்து, பிறகு சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 'ம்' இருந்த இடத்தில் 'ம' சீட்டை வைத்துப் படிக்கச் சொன்னால், புள்ளி என்ன செய்கிறது என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

அது பிடிபட்ட பிறகு காலைக் கொண்டு வாருங்கள். 'கல்' என்று அடுக்கிவிட்டு, ககரத்துக்குப் பக்கத்தில் கால் சீட்டை நுழைத்தால் 'கால்'. அதே சீட்டை எடுத்துப் 'பல்' என்பதற்குள் வைத்தால் 'பால்'. 'படம்' என்பதில் வைத்தால் 'பாடம்'. ஒரே சீட்டு இடம் மாறி மாறிச் சொல்லையே மாற்றுவதைக் கண்ணால் பார்க்கும் குழந்தைக்கு, குறி என்றால் என்ன என்பது விளங்கிவிடும். அதன்பின் 'இ', 'ஈ' குறிகள் எளிதில் வரும். கொம்பு வகைகளையும் உகர வரிசையையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறி உறுதிப்படாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். நாள் தவறினால் பரவாயில்லை. ஆனால், விட்டதையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார வைக்காதீர்கள்.

ஒரே எழுத்தைப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அதில் கைதான் ஓடுகிறது, காது எதையும் கேட்பதில்லை. ஐந்து சொற்களைச் சொல்லி, அவளாக ஒலி பிரித்து எழுதச் சொல்வது ஐம்பது முறை எழுதுவதைவிடப் பயனுள்ளது. பிழையாக எழுதினால் சிவப்பு மையால் அடிக்காமல், அவள் எழுதியதை அப்படியே நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். விட்டுப்போன புள்ளியை அவளே வைப்பாள்.

அடித்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாளெல்லாம் தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டு வந்து, அரை மணி நேரம் மன்றாடிய பிறகு வந்த கோபம் என்று புரிகிறது. இருந்தாலும் அது இனி வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17-ஆம் பிரிவில் தடைசெய்கிறது. வீட்டுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனால், பயம் குழந்தையிடம் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். பயந்த குழந்தை எழுத்தைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்து ஊகிக்கும். உங்கள் மகளின் ஒப்பிக்கும் பழக்கத்தை அது இன்னும் இறுக்கிவிடும். போன வாரம் நடந்ததற்கு அம்மா வருத்தப்படுகிறேன் என்று ஒருமுறை அவளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆங்கில வழிப் பள்ளிக்கு மாற்றினால், வாசிப்பு என்ற சிக்கல் தீராமலே ஒரு புதிய மொழியும் மேலே ஏறும். தமிழில் எழுத்துக் கூட்டும்போது, தெரிந்த சொல் அவளுக்குக் கைகொடுக்கிறது. அங்கே தட்டுத்தடுமாறி ஒரு சொல்லைக் கூட்டிய பிறகும் அதன் பொருள் தெரியாமல் நிற்பாள். பயிற்று மொழி இயன்றவரை குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு சொல்வது இதனால்தான் என்று நான் நினைக்கிறேன். டியூஷனிலோ, வகுப்பில் கேட்டதையே இன்னொரு முறை ஒப்பிக்கச் சொல்வார்கள். பணமும் மாலை விளையாட்டும்தான் போகும். 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 1, 2 வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று உத்தரவிட்டதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

ஆசிரியையைச் சந்திக்க ஒரு நாள் அரை நாள் விடுப்பு எடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று கேட்டால் அவசரப் பதில்தான் வரும். பொதுவாக 'எப்படிப் படிக்கிறாள்' என்று கேட்காமல், எந்தெந்த எழுத்துகளும் குறிகளும் உறுதியாகிவிட்டன, பாடம் நடக்கும்போதே கற்றலைச் சோதிக்கும் வளரறி மதிப்பீட்டில் எவற்றில் தவறு செய்தாள், இந்த மாதம் எவற்றை எடுக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் அடுக்கும் சீட்டுகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். வகுப்பும் வீடும் ஒரே வரிசையில் போனால் குழந்தைக்கு மிகவும் எளிது. அக்கறையோடு வரும் பெற்றோரை வரவேற்காத தொடக்கப் பள்ளி ஆசிரியரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே, கூட்டத்துக்குச் செல்வதற்கும் அங்கே வாசிப்பைப் பற்றிப் பேசுவதற்கும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

இதற்கிடையில் கண்ணையும் காதையும் ஒருமுறை அரசு மருத்துவமனையில் பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரியும் குழந்தை அதைத் தானாகச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். இரண்டும் நன்றாக இருந்து, நான்கைந்து மாதம் ஒழுங்காகப் பழக்கிய பிறகும் நேற்றுத் தெரிந்த எழுத்து இன்று தெரியவில்லை என்ற நிலை நீடித்தால், கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வட்டார வள மையத்தில் அதற்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள்; தலைமையாசிரியர் மூலம் அவர்களை அணுகலாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதுவரை போக வேண்டியிருக்காது என்றே நம்புகிறேன்.

மூன்றாம் பருவம் தொடங்கியதும், எந்தெந்தக் குறிகளை அவள் தடையின்றிப் படிக்கிறாள், எவற்றில் நிற்கிறாள் என்று குறித்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கொம்பு வகைகளுக்கும் உகர வரிசைக்கும் ஏற்ற சொற்களை வரிசைப்படுத்தி அனுப்புகிறேன்.