அப்பாவுக்குக் கிண்டிலா, டேப்லெட்டா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. செல்போனில் கதை படிக்கிறார். அரை மணி நேரத்தில் கண் எரிகிறது என்கிறார். பென்டிரைவில் 200 பிடிஎஃப் புத்தகங்கள் சேர்த்து வைத்திருக்கிறார். கிண்டில் வாங்கித் தரலாமா, டேப்லெட் போதுமா?

பதில்: அதை அந்தப் பென்டிரைவிடம்தான் கேட்க வேண்டும். ஒரு பிடிஎஃப்பைத் திறந்து, ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் கொஞ்சம் இடம் மாறினாலும் தமிழாகவே விழுந்தால் அது யூனிகோடு, அதாவது இன்று எல்லாக் கருவியும் படிக்கும் பொது எழுத்துமுறை. ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டினால் பாமினி மாதிரிப் பழைய எழுத்துரு. வரியைத் தேர்வு செய்யவே முடியவில்லையா? ஸ்கேன், அதாவது பக்கத்தின் புகைப்படம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலங்கையின் நூலகம் தளத்திலும் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

ஸ்கேன்தான் அதிகம் என்றால் கிண்டில் மாதிரி 6 அங்குலக் கருவி வேண்டவே வேண்டாம். கிரவுன் சைஸ், அதாவது வழக்கமான கதைப் புத்தக அளவுப் பக்கம் அந்தத் திரையில் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கிவிடும். 12 பாயின்ட் எழுத்து 8 பாயின்ட் ஆகிவிடும். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி புகைப்படத்திடம் பலிக்காது. விரலால் விரித்து நகர்த்தலாம் என்றால், கிண்டிலில் இருக்கும் இ-இங்க் திரை, அதாவது காகிதம் போலத் தெரியும் திரை, அசைந்து கொடுக்கவே நேரம் எடுக்கும். நானும் இப்படி ஒன்றை வாங்கி, குறுக்காகத் திருப்பி அரைப் பக்கம் அரைப் பக்கமாகப் படித்துப் பார்த்தேன். பத்து நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அவருக்கு 10 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்தான் சரி. அதே அளவில் ஆண்ட்ராய்டு ஓடும் இ-இங்க் கருவிகளும் வந்துவிட்டன, ஓனிக்ஸ் பூக்ஸ் போல. கண்ணுக்கு இதம், பர்ஸுக்கு இல்லை.

புதுக் கதைகளைக் காசு கொடுத்து வாங்கிப் படிப்பவர் என்றால் கிண்டில் வாங்கலாம். அதில் தமிழ் நூல்கள் 2016 டிசம்பரிலிருந்து முறையாகக் கிடைக்கின்றன. ஆனால் நீங்கள் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. வாங்கியதைக் கணினியில் இறக்கி யூஎஸ்பி வழியாக ஏற்றும் வசதியையும் 2025 பிப்ரவரியில் அமேசான்காரர்கள் எடுத்துவிட்டார்கள். கிண்டிலுக்குப் போட்டியான கோபோ கருவி, இ-பப் என்ற மின்னூல் வடிவக் கோப்புகளை நேராகத் திறக்கும், ஆனால் கிண்டில் கடையில் வாங்கியது அதில் ஓடாது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவசமாக இறக்கும் இ-பப் இரண்டுக்கும் ஒத்துவரும். கிண்டிலுக்கு மட்டும் 'சென்ட் டு கிண்டில்' என்ற அமேசான் சேவை வழியாக அனுப்ப வேண்டும். அந்தத் தளத்திலேயே சின்னத் திரைக்கென்று 6 அங்குல பிடிஎஃப்பும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. அப்பா கடைசியாகக் கண் பரிசோதனை செய்து எத்தனை வருடம் ஆகிறது? கண்ணாடி பவர் மாறியிருந்தால் எந்தத் திரையானாலும் எரியத்தான் செய்யும். முதலில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.