நூறு சதம் வரி போட்டால் சைக்கிள் ஓடுமா?

கேள்வி: சீனாச் சைக்கிளும் சீனாச் சாமானுமாக வந்து இறங்குகிறதே, அண்ணாச்சி! வ.உ.சி. பிறந்த மண்ணில் இருந்துகொண்டு சும்மா இருக்கலாமா? இறக்குமதி வரியை நூறு சதமாக ஏற்றினால் நம் சைக்கிள் தொழில் பிழைத்துக்கொள்ளாதா?
- ஒரு வாசகர், வீரவநல்லூர்

பதில்: வ.உ.சி. பேரை எடுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே வருகிறேன். 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் கப்பல் விட்டார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் ‘சும்மா ஏறு, குடையும் தருகிறேன்’ என்றது. நஷ்டத்துக்கு விற்று எதிராளியை ஒழிக்கிற வித்தை அது. அதைத் தடுக்க வரி வேண்டும் என்றால் நானும் உங்கள் கட்சிதான்.

ஐரோப்பிய ஒன்றியம் 1993 முதல் சீனச் சைக்கிளுக்கு இப்படித் தனி வரி போடுகிறது. 2005இல் அது 48.5 சதம். இலங்கை, இந்தோனேசியா, மலேசியா, துனிசியா என்று சுற்றிக்கொண்டு வருகிறது என்று தெரிந்ததும், 2013இல் அந்த நாட்டு வண்டிகளுக்கும் நீட்டிவிட்டார்கள். நம்மிடம் குறைவது அந்தக் கண். இலங்கையோடு நமக்கு 2000 முதல் தடையற்ற வணிக ஒப்பந்தம் இருக்கிறது. ஒப்பந்தச் சலுகையில் வரும் சரக்கை நீங்கள் கேட்கிற நூறு சதம் தொடவே தொடாது. அது எங்கே செய்த சரக்கு என்று துறைமுகத்தில் துருவிப் பார்க்க ஆள் வேண்டும்.

வரியை ஏற்றிப் பார்க்காமலும் இல்லை. 2012 பட்ஜெட்டில் சைக்கிளுக்கு 10 சதம் இருந்தது 30 ஆனது. உதிரிபாகங்களுக்கு 10இலிருந்து 20. 2023இல் முழு வண்டிக்கு 35. இடையில், 2020 ஜூன் 3ஆம் தேதி, சரியாக உலக சைக்கிள் தினத்தன்று, மூலப்பொருள் வாங்கக்கூடப் பணமில்லை என்று அட்லஸ் சைக்கிள் கம்பெனி, டெல்லிப் பக்கத்துச் சாஹிபாபாத் ஆலையை மூடியது. 30 சத வரி அதற்கு என்ன செய்தது? அதற்கும் முந்தி, வெளிநாட்டு வண்டி உள்ளே எட்டிப் பார்க்கவே முடியாத காலத்தில், மேற்கு வங்கத்து ஆசன்சோலில் இருந்த சென்-ராலே சைக்கிள் கம்பெனி நொடித்துப்போய் அரசாங்கத்தின் கையில் விழுந்தது. இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு வண்டியைத் தடுக்கிறோம் என்றவர்களே உள்நாட்டு வண்டிக்கு 12 சதம் ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். 2025 செப்டம்பர் 22ஆம் தேதிதான் அது 5 ஆனது.

கறுப்பு ஸ்டாண்டர்டு சைக்கிள் செய்ய லூதியானாவுக்கும் அம்பத்தூருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டாம். பையன் கேட்பது கியர் வண்டி. கியர், டிஸ்க் பிரேக், அலாய் ஃபிரேம் என்று வந்தால்தான் வெளிநாட்டைப் பார்க்கிறோம். கியருக்கு நூறு சதம் போட்ட மறுநாளே இங்கே கியர் கம்பெனி முளைத்துவிடாது. மேலப்பாளையத்தில் மகனுக்கு வண்டி வாங்குகிற தகப்பன் கூடுதலாகக் கொடுப்பார், அவ்வளவுதான்.

வரியைவிடப் பெரிய ஆயுதம் நம் மாநில அரசிடமே இருக்கிறது. பிளஸ் 1 பிள்ளைகளுக்காக ஆண்டுதோறும் ஏறத்தாழ ஐந்து லட்சம் சைக்கிள் வாங்குகிறார்கள். இப்படி மொத்தமாக வாங்கும் ஆள் நாட்டில் எத்தனை பேர்? வாங்குவதோ குறைந்த விலை டெண்டரில். வண்டி கைக்கு வந்ததும் பால்ரஸ் மாற்றவும் போக்ஸ் கம்பி முறுக்கவும் கடைக்குத் தள்ளிக்கொண்டு போகிற பிள்ளைகளை அம்பாசமுத்திரம் பக்கம் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீவீலும் ஹப்பும் இந்தத் தரத்தில், இங்கேயே செய்ததாக இருக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்கு வாங்கிக்கொள்கிறோம் என்று டெண்டரில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதை நம்பிக் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒருத்தர் பட்டறை போடத் துணிவார். டெல்லிக்குக் கடிதம் எழுதுகிற கையோடு, இதைக் கேட்டுக் கோட்டைக்கும் ஒன்று எழுதிப் போடுங்கள், அண்ணாச்சி.