நார்வேயில் நூறைத் தொட்டவர்கள்

கேள்வி: ஹாலண்ட், சோல்ஷேர் இருவரையும் விட்டால் நார்வேயில் பெயர் சொல்லும்படி ஃபுட்பால் ஆட்டக்காரர் யாராவது உண்டா? கோல் விழாமல் தடுக்கும் டிஃபெண்டர்கள் சிலர் இருந்திருக்கலாம். பந்தை வெளியே உதைத்தவர்களை எல்லாம் யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்?
(ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: நார்வேக்காரர்கள் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்காக நூறு சர்வதேச ஆட்டங்களைத் தொட்டவர்கள் அங்கே மூன்று பேர். ஜான் ஆர்னே ரீசே 110, தோர்பியோர்ன் ஸ்வென்சன் 104, ஹென்னிங் பெர்க் சரியாக 100. மூவரும் நீங்கள் துச்சமாகத் தள்ளிய அந்த டிஃபெண்டர்கள்தான். உங்கள் சோல்ஷேர் 67 ஆட்டத்தோடு நின்றுவிட்டார். ஸ்வென்சன் 1961இலேயே நூறை எட்டியவர். உலகத்தில் அவருக்கு முன்னால் எட்டியது இங்கிலாந்தின் பில்லி ரைட் ஒருவர்தான்.

சோல்ஷேர் பெயரை எடுத்ததால் அவருடன் ஒரே அணியில் இருந்த பெர்கைப் பற்றிச் சொல்கிறேன். 1993 தொடக்கத்தில் நார்வேயின் லில்லெஸ்ட்ரோம் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் பிளாக்பர்னுக்கு வந்தார். 1994-95இல் பிளாக்பர்ன் பிரீமியர் லீகை வென்றது. கடைசி நாளில் லிவர்பூலிடம் தோற்றும், மான்செஸ்டர் யுனைடெட்டை ஒரே புள்ளியில் முந்தியது. எல்லோருக்கும் ஆலன் ஷியரரின் 34 கோல்கள் ஞாபகம் இருக்கும், இருக்கட்டும். வலது பக்கத்தை அந்த சீசன் முழுக்கப் பூட்டி வைத்திருந்தவர் பெர்க். 1997இல் 50 லட்சம் பவுண்டுக்கு அவரை வாங்கியது யார் என்றால், அதே யுனைடெட். அங்கேயும் லீகை வென்றார். இரண்டு வேறு கிளப்புகளோடு பிரீமியர் லீகை வென்ற முதல் ஆள் அவர்தான். லீட்ஸ், யுனைடெட் இரண்டோடும் பட்டம் வென்ற கான்டோனா இல்லையா என்று கேட்டு அடுத்த கடிதம் போட வேண்டாம்; லீட்ஸ் அணியோடு அவர் வென்றது 1992இல், பிரீமியர் லீக் தொடங்குவதற்கு முந்தைய பருவம்.

1999 மார்ச்சில், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரண்டு ஆட்டங்களில் முதல் ஆட்டத்தில், யுனைடெட் சொந்த மைதானத்தில் இன்டர் மிலானை 2-0 என வென்றது. இரண்டும் டுவைட் யார்க் அடித்தவை. இரண்டாம் பாதியில் உள்ளே போய்க்கொண்டிருந்த பந்து ஒன்றை கோல்கோட்டில் நின்று வெளியேற்றினார் பெர்க். ஆம், பந்தை வெளியே உதைத்தார். அது உள்ளே போயிருந்தால் 2-1. இன்டருக்கு எதிரணி மைதானத்தில் அடித்த கோல் ஒன்று கையில் இருக்க (இரண்டு ஆட்டத்தின் மொத்தக் கணக்கு சமமானால், அப்போது அந்தக் கோலுக்குத்தான் மதிப்பு அதிகம்), மிலானில் நடந்த மறு ஆட்டம் வேறு மாதிரி போயிருக்கும். பார்சிலோனாவில் நடந்த இறுதியாட்டத்தில் காயத்தால் பெர்க் ஆடவில்லை. கூடுதல் நிமிடங்களில் சோல்ஷேர் காலை நீட்டி வெற்றிக் கோலைப் போட்டார். அதை மட்டும்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

அப்புறம், பந்தை வெளியே உதைப்பது அவ்வளவு கேவலமான வேலையும் இல்லை. 90களில் எகில் 'ட்ரில்லோ' ஓல்சன் என்ற பயிற்சியாளர் நார்வேயை நடத்தினார். விளையாட்டுக் கல்லூரி விரிவுரையாளர். கோல்கள் எப்படி விழுகின்றன என்று வீடியோ போட்டு எண்ணிக்கொண்டிருந்தவர். மைதானத்துக்கே ரப்பர் பூட்ஸ் போட்டு வருவார். அவர் அணியில் யாரும் எதிரி ஆட்டக்காரர் பின்னால் ஓடக்கூடாது, தன் தன் இடத்தைக் காக்க வேண்டும். பந்து கிடைத்தால் இடது டிஃபெண்டர் அதைக் குறுக்கே, வெகுதூரம், வலது ஓரத்தில் நிற்கும் நெட்டையான யோஸ்டைன் ஃப்ளோவின் தலைக்கு அனுப்புவார். அதாவது தாக்குதலே டிஃபெண்டரிடம் இருந்துதான் புறப்பட்டது. பார்க்க அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஃபிஃபா தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனார்கள். 1998 உலகக் கோப்பையில் மார்செய் நகரில் பிரேசிலை 2-1 என வீழ்த்தினார்கள். பெர்க் அதிலும் ஆடினார்.

ஒரே ஒரு இடத்தில் உங்கள் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. 1994 உலகக் கோப்பையில் நார்வே இருந்த பிரிவில் நான்கு அணிகளுக்கும் தலா நான்கு புள்ளி. மூன்று ஆட்டத்தில் நார்வே வாங்கியது ஒரே கோல், போட்டதும் ஒரே கோல். கோல் குறைவு என்று அவர்களைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகு பெர்க் பட்ட பாடு தனிக்கதை. பிளாக்பர்னை 2010இல் வாங்கியது புனேயின் வெங்கீஸ், ஆமாம், கோழிக் கம்பெனிதான். வந்ததும் பயிற்சியாளரை நீக்கினார்கள். மதிப்புள்ள எந்தப் பயிற்சியாளரும் இவர்களிடம் வேலைக்குப் போகமாட்டார் என்று அப்போது பேசியவர் பெர்க். 2012 அக்டோபர் முடிவில் அவரே போனார்! பத்து ஆட்டம், ஒரு வெற்றி, 57 நாளில் வெளியே. மூன்று வருட ஒப்பந்தத்தின் மிச்சப் பணத்துக்கு நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. ஒப்பந்தம் போட்ட எங்கள் நிர்வாக இயக்குநருக்கே அந்த அதிகாரம் கிடையாது என்று கிளப் வாதாடியது. முதலாளிகள் எங்கும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். பெர்க் ஜெயித்தார்.

அடுத்து போலந்தின் லெகியா வார்சா கிளப்புக்குப் பயிற்சியாளர். 2014இல் லீக் பட்டம். அந்த ஆகஸ்டிலேயே சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்தின் செல்டிக்கை 4-1, 2-0 என அடித்து நொறுக்கினார்கள். மறு ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது பெரெஷின்ஸ்கி என்பவரை மாற்று ஆட்டக்காரராக இறக்கினார்கள். அவருக்குத் தடைக்காலம் இன்னும் முடியவில்லை. முந்தைய சுற்றின் ஆட்டக்காரர் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்காததால் அந்த ஆட்டங்கள் தடைக்கணக்கில் வரவில்லை. ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்தும் யூஃபா அந்த ஆட்டத்தை 3-0 என்று செல்டிக்குக்கு எழுதிக் கொடுத்தது. மொத்தம் 4-4, எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் லெகியா வெளியே. பெரெஷின்ஸ்கியும் டிஃபெண்டர்தான், நல்ல டிஃபெண்டரும்கூட, பின்னால் இத்தாலியின் சம்ப்டோரியாவுக்குப் போய் ஆடினார்.