ரீவிக்கு முன்னால் இருக்கிற அந்த ஒரு மணித்தியாலம்

உவர்மலையில் இருந்து ரொறன்ரோவுக்கு வந்து, முதல் குளிர்காலத்தைக் கடந்திருக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, காலையில் பக்கிங் வேலை, பின்னேரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் ரீவியைப் போட்டுவிட்டு அப்படியே இருந்துவிடுகிறேன். அம்மா எடுத்தால் கதைக்கக்கூடத் தெம்பில்லை. வசந்தம் வந்துவிட்டது என்கிறார்கள், நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாரும் இப்படித்தானா, இல்லை நான் சோம்பேறியாகிவிட்டேனா? உங்கள் வேலைநாள் எப்படிப் போகும்?"

சோம்பேறி இல்லை தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலை செய்கிற ஒருவருக்கு அந்த நாளில் தனக்கென்று மிஞ்சுவது இரவில் அந்த ஒரு மணித்தியாலம்தான். அதை அவர் எப்படிக் கழித்தாலும் அதற்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

நானும் திருகோணமலைதான், உப்புவெளி ஆள். ஸ்காபரோவில் குடியேறிக் கனகாலம். மகளின் படிப்பு முடியும் வரை இரண்டாவது வேலையை விடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். ஆகவே நீங்கள் கேட்கிற வேலைநாள் எனக்குப் பழைய கதை இல்லை, இந்த ஏப்ரலிலும் அப்படித்தான் போகிறது.

விடிய நாலரைக்கு எழும்புவேன். மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிறார்களே, அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு உடம்பு எழும்ப மறுக்கும். உங்களுக்கும் இப்போது இருக்கிற அசதியில் பாதி அதுவாக இருக்கலாம். சாப்பாட்டுப் பெட்டியை முதல்நாள் இரவே கட்டி வைத்துவிடுவதால் விடிய ஒரு தேத்தண்ணி மட்டும்தான். ஐந்து மணிக்கு பஸ். 2023 யூலையில் ஸ்காபரோ ரயில் தடம்புரண்டு அத்தோடு நின்றேபோன பிறகு எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எல்லாம் பஸ்தான். ஆறு மணிக்கு பேக்கரித் தொழிற்சாலையில், பாண் பொதி செய்கிற பகுதியில் நிற்க வேண்டும். அங்கே இரண்டரை வரை நின்றபடிதான். இடையில் சாப்பிட அரை மணித்தியாலம், அதற்குச் சம்பளம் இல்லை. ஆனால் தொடர்ச்சியாக ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் சாப்பாட்டு நேரம் கொடுக்காமல் வேலை வாங்கக் கூடாது என்பது ஒன்ராறியோச் சட்டம். புதிதாக வந்த பிள்ளைகள் "இன்றைக்கு அவசரம், பிறகு சாப்பிடு" என்றால் தலையாட்டிவிடுகிறார்கள். நீங்கள் தலையாட்ட வேண்டாம்.

நாலு மணிக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரண்டாவது வேலை. நடுவில் இருக்கிற ஒன்றரை மணித்தியாலத்தில்தான் நான் வசந்தத்தைப் பார்க்கிறேன். பஸ் கட்டணத்துக்கான பிரெஸ்ரோ அட்டையை ஒருதரம் தட்டினால் இரண்டு மணித்தியாலத்துக்கு எந்த பஸ்ஸிலும் ஏறலாம், இறங்கலாம். அதனால் இரண்டாவது பஸ்ஸில் இருந்து ஒரு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கிவிடுவேன். குளிர்காலம் முழுக்கக் கொட்டிய உப்பு இன்னும் நடைபாதை ஓரத்தில் வெள்ளையாகக் கிடக்கும், தெருவெல்லாம் குழி. ஆனால் வீட்டு முற்றங்களில் இலை வருவதற்கு முன்னமே ஒரு செடி முழுக்க மஞ்சளாகப் பூத்து நிற்கும், போர்சீதியா என்பார்கள். நெஞ்சு சிவந்த ரொபின் குருவி புல்லைக் கிளறிக்கொண்டு திரியும். வெயிலில் ஒரு வாங்கில் இருந்து வாழைப்பழம் சாப்பிடுவேன், பத்து நிமிடம்தான். செரிப் பூப் பார்க்க ஹை பார்க் போக வேண்டும், அதற்கு ஒரு லீவு நாள் வேண்டும் என்று காத்திருந்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். வேலைக்குப் போகிற வழியிலேயே பாருங்கள்.

முதியோர் இல்லத்தில் இராச் சாப்பாடு பரிமாறி, கோப்பைகளைக் கழுவி, மேசைகளைத் துடைத்து எட்டு மணிக்கு முடியும். ஏப்ரல் கடைசிப் பக்கம் எட்டு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிற ஊர் இது. வேலை விட்டு வெளியே வரும்போது வெளிச்சம் இருந்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரம் பாதியாகக் குறைந்த மாதிரி எனக்குத் தோன்றும்.

ஒன்பது மணிக்கு வீடு. குளித்து, சாப்பிட்டு, பிறகு ரீவி.

எங்கள் அப்பா சீனன்குடா பிறீமா மா ஆலையில் ஷிஃப்ட் வேலை செய்தவர். முடிந்து வந்த கையோடு ஒரு தெரிந்தவரின் கடையில் கணக்குப் பார்க்கப் போவார். இரவு வந்து சாய்மனைக் கதிரையில் சரிந்தால், கரண்ட் இருக்கிற நாட்களில் ரூபவாஹினி, இல்லாவிட்டால் வானொலி. அந்த நேரம் அம்மா எங்களைக் கிட்டப் போக விடமாட்டா. "அப்பா ஆறட்டும்" என்பா. உப்புவெளியில் இப்போதும் சீசனுக்குக் கடலுக்குப் போய்விட்டு வந்து, பகலில் ஹோட்டல்காரருக்கு ஓட்டோ ஓடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். பொழுதுபட்ட பிறகு அவர்கள் மதகில் குந்தியிருந்து கதைப்பதை ஊரில் யாராவது சோம்பல் என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஊரில் ஆறுவதற்கு ஆட்களும் இடமும் இருந்தன. இங்கே பேஸ்மென்ற் அறையில் உங்களோடு இருக்கிறது ரீவி ஒன்றுதான். அதற்காக ஏன் வெட்கப்படுகிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

என்ன பார்க்கிறோம் என்பதில் மட்டும் எனக்குக் கண்டிப்பு உண்டு. இரவில் ஊர்ச் செய்தி பார்ப்பதில்லை. பார்த்தால் நித்திரை போய்விடும், இங்கிருந்து ஒன்றும் செய்யவும் முடியாது. அதை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கலாம். இரவுக்கு எனக்கு விளையாட்டுத்தான். ஐபிஎல் இரவு ஆட்டம் இங்கே காலை பத்து மணிக்கு வருவதால் வேலைநாளில் கிடைக்காது. பேஸ்போல் அப்படி இல்லை. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் முடியும் வரை ஒரு அணிக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட ஒவ்வொரு இரவும் இருக்கும். ஏழு மணிக்குத் தொடங்கினால் நான் வந்து இருக்கும்போது கடைசி மூன்று இன்னிங்ஸ் போய்க்கொண்டிருக்கும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண்ணுக்குப் பந்து எங்கே போகும் என்று சீக்கிரம் பிடிபடும். நடுவில் கண் சொருகினாலும் பெரிதாக ஒன்றையும் விட்டிருக்க மாட்டோம். ஏப்ரல் நடுவில் ஹொக்கி பிளேஓஃப் தொடங்கும். ரொறன்ரோ அணியான மேப்பிள் லீஃப்ஸ் 1967க்குப் பிறகு கிண்ணம் வென்றதில்லை, அப்படியிருந்தும் வேலையிடத்தில் சாப்பாட்டு அறை முழுக்க அந்தக் கதைதான். முதல்நாள் ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு போனால், உங்களோடு ஒரு வார்த்தையும் கதைக்காத மேசையில் உங்களுக்கு ஒரு கதிரை கிடைக்கும். அடியில் ஆங்கில எழுத்து ஓட விடுங்கள். கனடா ஆங்கிலம் காதில் ஏறுவதற்கு நான் கண்ட நல்ல வழி அதுதான்.

விளையாட்டுச் சனலுக்குக் காசு கட்டத்தான் வேண்டும், எங்கள் வீட்டில் அதை மட்டும் வைத்திருக்கிறோம். மற்றவற்றுக்குப் பெரிய பொதி எடுக்காதீர்கள். ஒரு அன்டெனா வாங்கினால் சிபிசி, சிரிவி, குளோபல், ரிவிஓ, ஒம்னி எல்லாம் மாதக் கட்டணம் இல்லாமல் வரும். சிஎன் கோபுரத்தில் இருந்து வருவதால் ஸ்காபரோவில் தென்மேற்கைப் பார்த்த ஜன்னலில் வைக்க வேண்டும். பேஸ்மென்ற்றில் சரியாக இழுக்காது. மேல்வீட்டுக்காரரைக் கேட்டு வயரை மேலே கொண்டுபோகப் பாருங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று, ரீவியை ரீவியிலேயே பாருங்கள், போனில் வேண்டாம். ரீவியை நிறுத்திவிட்டுப் படுக்கலாம். போன் படுக்கைக்கும் கூடவே வந்து ஒரு மணிவரைக்கும் விழித்திருக்க வைக்கும், நாலரைக்கு எழும்புகிறவருக்கு அது கட்டாது.

அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். இதில் பிழை உங்களிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. இப்போது ஊருக்கும் இங்கேக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளினால் அது பத்தரை ஆகிவிடும். அம்மா கோயிலுக்குப் போய்வந்து, சமையல் முடித்து, ஆறுதலாக இரவு எட்டு மணிக்கு எடுக்கும்போது உங்களுக்குக் காலை பத்தரை, கை முழுக்க வேலை. நீங்கள் இரவு பதினொரு மணிக்கு வந்து விழும்போது அவவுக்கு விடிந்து எட்டரை, சந்தைக்குப் போகிற அவசரம். ஆகவே விடிய பஸ்ஸில் இருந்து எடுங்கள். இங்கே ஐந்து மணி என்றால் அங்கே பின்னேரம் இரண்டரை. சாப்பிட்டு முடித்து, சித்திரை வெயிலுக்கு வெளியே போக முடியாமல் வீட்டுக்குள் இருக்கிற நேரம். நான் என் அம்மாவோடு கதைப்பது அப்போதுதான். பெரிய விஷயங்கள் ஒவ்வொரு நாளும் இருக்காது. அவ பார்க்கிற நாடகத்தில் நேற்று என்ன நடந்தது என்று கேட்பேன், சொல்லிக்கொண்டே வருவா. லீவு நாளில் நானும் அதில் ஒரு பகுதி பார்த்து வைப்பேன். கோணேசர் கோயில் திருவிழா நாட்களில் மட்டும் நாடகக் கதை இருக்காது, சாமி வெளிவீதி வந்த கதைதான். நித்திரைத் தூக்கத்தில் இரவு எடுத்து "ம், ம்" என்று சொல்வதைவிட இந்தப் பத்து நிமிடம் அம்மாவுக்குப் பெரிது. இரவில் எடுக்க மாட்டேன் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காத்திருக்க மாட்டா.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் இது காசு விஷயம். கிழமைக்கு 40 மணித்தியாலமும் 20 மணித்தியாலமுமாக இரண்டு இடத்தில் 60 மணித்தியாலம் செய்தாலும் ஓவர்ரைம் கிடையாது. அதை ஒவ்வொரு முதலாளிக்கும் தனித்தனியாகத்தான் பார்ப்பார்கள். 2025 ஒக்ரோபரில் இருந்து ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். இரண்டு இடத்து 60க்கும் 1,056 டொலர் வரும். ஒரே இடத்தில் 44 தாண்டினால், பெரும்பாலான வேலைகளுக்கு அதன் பிறகு ஒன்றரை மடங்கு, அதாவது 26.40. அதே 1,056ஐ ஒரே இடத்தில் 55 மணித்தியாலத்துக்குள் எடுத்துவிடலாம், பஸ் அலைச்சலும் இல்லை. பக்கிங்கில் கூடுதல் நேரம் தருவார்களா என்று கேளுங்கள். கிழமைக்கு 48 தாண்டுவதற்கு உங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும், அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் பேக்கரியில் கூடுதல் நேரம் இல்லை, இருந்திருந்தால் நான் இரண்டாவது இடத்துக்குப் போயிருக்க மாட்டேன். (படிக்க வந்திருக்கிற பிள்ளைகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டாம். வகுப்பு நடக்கிற காலத்தில் வெளியே வேலை கிழமைக்கு 24 மணித்தியாலம்தான்.)

இரண்டு வேலையும் தொடர்வதானால் வேலைக்குச் சேரும்போது நிரப்புகிற ரீ.டி.1 என்ற வரிப் படிவத்தைக் கவனியுங்கள். வருடத்துக்கு 16,000 டொலருக்குச் சற்று மேல் வரையான வருமானத்துக்கு மத்திய அரசின் வரி இல்லை. அந்தச் சலுகையை ஒரு முதலாளியிடம் மட்டும்தான் கேட்கலாம். இரண்டு இடத்திலும் கேட்டால் இரண்டு பேரும் வரியைக் குறைத்துப் பிடிப்பார்கள், சம்பளம் கூடின மாதிரி இருக்கும், பிறகு வசந்தத்தில் இரண்டாயிரம் டொலருக்கு மேல்கூடக் கட்டச் சொல்லி வரலாம். இரண்டாவது இடத்துப் படிவத்தின் பின்பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளி உண்டு என்ற பெட்டியில் அடையாளம் போட்டு, தொகைக்குப் பூச்சியம் எழுதுங்கள். மாகாணத்துக்குத் தனிப் படிவம், அதிலும் அப்படித்தான். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கலாம்.

போன வருட வரிக் கணக்குக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. குறைந்த வருமானக்காரருக்கு மார்ச், ஏப்ரலில் இலவசமாக வரி செய்து கொடுக்கிற இடங்கள் உண்டு, பக்கத்து நூலகத்தில் கேட்டால் சொல்வார்கள். சம்பளமும் பிடித்த வரியும் போட்டு முதலாளி தருகிற ரீ4 தாளை இரண்டு இடத்திலிருந்தும் கொண்டுபோங்கள். ஒன்றைத்தான் தந்திருக்கிறார்கள் என்றால் மற்ற இடத்தில் நாளைக்கே கேட்டு வாங்குங்கள்.