செனன் மூவொட்சைட்டு ஏன் வெடிக்கிறது?

தம்பி, திருகோணமலையில் உயர்தரம் படிக்கும் நீங்கள், எளிதில் தாக்கமுறாத வாயுவான செனனின் சேர்வைகளில் செனன் இருபுளோரைட்டு உறுதியான திண்மமாக இருக்க, செனன் மூவொட்சைட்டு மட்டும் ஏன் வெடிக்கிறது, ஒட்சிசனும் மின்னெதிர்த்தன்மை (பிணைப்பிலுள்ள இலத்திரன்களைத் தன்பக்கம் ஈர்க்கும் தன்மை) மிக்கதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். மின்னெதிர்த்தன்மையை மட்டும் பிடித்துக்கொண்டால் இதற்கு விடை கிடைக்காது; சேர்வை பிரிந்த பின் என்ன மிஞ்சுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

புளோரீன் மூலக்கூறின் பிணைப்புச் சக்தி, அதாவது அந்தப் பிணைப்பை உடைக்கச் செலவாகும் சக்தி, மூலுக்கு ஏறத்தாழ 158 கிலோயூல்தான். ஆகவே, செனன்–புளோரீன் பிணைப்பு ஒன்று ஏறத்தாழ 130 கிலோயூல் மட்டுமே என்றாலும், அவ்வாறான இரண்டு பிணைப்புகள் அந்தச் செலவை ஈடுசெய்துவிடுகின்றன. ஒட்சிசன் மூலக்கூறிலோ அது 498 கிலோயூல். செனன்–ஒட்சிசன் பிணைப்பு ஏறத்தாழ 84 கிலோயூல் என்னும்போது, செனன் மூவொட்சைட்டின் தோன்றல் வெப்பவுள்ளுறை (மூலகங்களிலிருந்து ஒரு மூல் சேர்வை உருவாகும்போது ஏற்படும் வெப்ப மாற்றம்; நேர்க்குறி என்றால் வெப்பம் உள்ளெடுக்கப்படுகிறது) ஏறத்தாழ +402 கிலோயூலாக இருப்பதில் வியப்பில்லை. அது செனனாகவும் ஒட்சிசனாகவும் பிரியும்போது அந்தச் சக்தி முழுவதும் வெளிப்படுகிறது. விளைபொருள்கள் இரண்டும் வாயுக்கள் என்பதால், நிறமற்ற அந்தப் பளிங்குகள் உலர்ந்த நிலையில் சிறு உராய்வுக்கே வெடிக்கக்கூடும். நீர்க்கரைசலில் அது ஓரளவு அமைதியாக இருக்கும்.

செனன் நாற்புளோரைட்டைச் சாதாரணக் குப்பியில் வைக்கலாமா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு, கூடாது என்பதே என் பதில். அது ஈரத்துடன் தாக்கமுற்று, ஐதரசன் புளோரைட்டுடன் இதே மூவொட்சைட்டையும் தரும். திருகோணமலைக் கடற்காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.