பதினொரு பேருக்கு ஒரே அடுப்பு

கூட்டுக் குடும்பத்தில் மளிகைச் செலவைக் குறைப்பது பற்றி ஒரு வாசகிக்குப் போன மாதம் நாலு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு இந்த மாதம் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. இதற்கென்று நான் எங்கும் படித்தவள் இல்லை. மதுரை செல்லூரில் மாமனார், அத்தை, நாங்கள் இருவர், கொழுந்தன், ஓரகத்தி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேர் என்று பதினொரு பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். அந்த வீட்டின் சாமான் அறைச் சாவி பல வருடம் என் இடுப்பில் இருந்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் 12 பேர். மளிகை, காய்கறி, பால் எல்லாம் சேர்த்து மாதம் 28,000 ரூபாய் ஆகிறது. 20 தேதிக்கு மேல் தெருமுனைக் கடையில் கடன் சொல்லி வாங்குகிறேன். எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, திருமங்கலம்

முதலில் ஒரு நோட்டுப் போடுங்கள் அம்மா. ஆனால் சாமான் வாங்கிய தேதியை அதில் எழுத வேண்டாம், தீர்ந்த தேதியை எழுதுங்கள். என் அத்தைக்கு எழுதப் படிக்க வராது. சாமான் அறைக் கதவின் பின்பக்கம் கரித்துண்டால் கோடு போடுவார். எண்ணெய்க்கு ஒரு வரிசை, பருப்புக்கு ஒரு வரிசை, சீனிக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு தடவை டப்பாவை நிரப்பும்போதும் ஒரு கோடு. மாதக் கடைசியில் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்து பார்ப்பார். "போன மாசம் சீனிக்கு ஏழு கோடு, இந்த மாசம் பத்து. யாரு வந்து போனா?" என்று கேட்பார். விருந்தாளி வந்திருந்தால் சரி, வராவிட்டால் எங்கே போனது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

வாங்கிய கணக்கை மட்டும் எழுதினால் விலை ஏறியது தெரியும். தீர்ந்த கணக்கை எழுதினால்தான் புழக்கம் தெரியும். விலையை நாம் பிடித்து நிறுத்த முடியாது, புழக்கத்தை முடியும்.

20 தேதிக்கு மேல் கடன் என்கிறீர்களே, உங்கள் பணம் அதிகமாகக் கரைவது அங்கேதான். கடன் என்றால் விலை கேட்க வாய் வராது. கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்கும்போது கிலோ விலையைவிடக் கூடுதலாகத்தான் கொடுப்பீர்கள். மூன்று மாதம் நோட்டுப் போட்டால் 12 பேருக்கு எந்தச் சாமான் எவ்வளவு வேண்டும் என்பது கையில் வந்துவிடும். அந்த அளவை மாத ஆரம்பத்திலேயே மொத்தமாக இறக்கிவிடுங்கள்.

அப்புறம், உலை வைக்கிற கை ஒன்றாக இருக்கட்டும். மருமகள்கள் முறை வைத்துச் சமைத்தால் அளக்கிற உழக்காவது ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் பித்தளை உழக்கு ஒன்றுதான். மதியத்துக்கு ஆறு உழக்கு அரிசி. அளந்து முடித்ததும் அத்தை அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். அந்தப் பிடி அரிசிதான் மாதக் கடைசியில் கைகொடுக்கும்.

அரிசியைக் கடையில் கிலோ கணக்கில் வாங்குவதா, மூட்டையாக வாங்குவதா? 26 கிலோ சிப்பம் என்று ஒரு கணக்கு வருகிறதே, ஏன்?
– வாசகர், விருதுநகர்

பெரிய குடும்பத்துக்கு மூட்டைதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரை பாக்கெட்டில் அடைத்து விற்கும் அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் அந்த வரி இல்லை என்பதால்தான் ஆலைக்காரர்கள் 26 கிலோவாகப் பிடிக்க ஆரம்பித்தார்கள். விலை கேட்கும்போது மூட்டை விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். ஒரு கடையில் 25, இன்னொரு கடையில் 26 என்று இருக்கும். வகுத்துக் கிலோ விலையைப் பாருங்கள்.

பழைய அரிசி விலை கொஞ்சம் கூட இருக்கும், ஆனால் நன்றாகக் கண்டு வரும். தையில் அறுத்த புது அரிசி குழையும், சோறு காணாது. ஆறு உழக்குப் போடுகிற இடத்தில் ஏழு போட வேண்டியிருக்கும். மலிவு என்று புது அரிசியை வாங்கினால் மூட்டை சீக்கிரம் தீர்ந்துவிடும்.

புளி, மிளகாய், பருப்பு இவற்றை வருடத்துக்கு வாங்கி வைப்பது இந்தக் காலத்துக்கு ஒத்து வருமா? போன வருடம் வாங்கிய துவரம்பருப்பில் வண்டு வந்து பாதி வீணாகிவிட்டது.
– வாசகி, தேனி

புளியும் மிளகாயும் கண்டிப்பாக ஒத்து வரும். பருப்புக்கு மூன்று மாதம் போதும்.

புளி மாசி, பங்குனியில் வரத்தாகும். அப்போதுதான் விலை இறங்கும். கொட்டையோடு வாங்குவதா, கொட்டை எடுத்ததை வாங்குவதா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு வருடம் நானே நிறுத்துப் பார்த்தேன். கொட்டையோடு 5 கிலோ வாங்கி, முற்றத்தில் அரிவாள்மனை போட்டு நானும் ஓரகத்தியும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்தோம். கொட்டை, நார், கோது எல்லாம் போகத் தேறியது 3 கிலோவும் கொஞ்சமும். அதனால் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். கொட்டை எடுத்த புளி கிலோ 100 ரூபாய் என்றால், கொட்டையோடு உள்ளது 60 ரூபாய்க்குக் கீழே கிடைத்தால் மட்டும் வாங்கலாம். அதற்கு மேல் கொடுத்தால் கை வலிதான் மிச்சம். புளியை நன்றாக வெயிலில் காயவைத்து, கல் உப்பைத் தூவித் தூவி ஜாடியில் அமுக்கி வைத்தால் அடுத்த மாசி வரை ஒரு பூச்சி வராது. நாளாக ஆகக் கறுக்கும், புளிப்பு போகாது.

மிளகாயும் அதே சமயத்தில்தான். குழம்புப் பொடிக்குப் பாதி ராமநாதபுரம் முண்டு, பாதி சம்பா என்று வாங்குவேன். மல்லியும் சேர்த்துக் காயவைத்து மில்லில் அரைத்து வந்தால், நூறு கிராம் பாக்கெட்டாக வாங்கும் மசாலாத் தூள் செலவு வீட்டிலிருந்தே போய்விடும். பெரிய குடும்பத்துக்கு அது மாதா மாதம் கண்ணுக்குத் தெரிகிற பணம்.

பருப்பில் வண்டு வந்ததற்கு உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். நானும் 20 கிலோ பருப்பை ஒரு தடவை தொலைத்திருக்கிறேன். மொட்டை மாடியில் நாள் முழுக்கக் காயவைத்து, சாயங்காலம் மழை மூட்டமாக இருக்கிறதே என்று சூட்டோடு அள்ளி டின்னில் கொட்டி மூடிவிட்டேன். சூடு உள்ளே வியர்த்து ஈரமானது. நாற்பது நாள் கழித்துத் திறந்தால் பருப்பு முழுக்கப் பொடி. அந்த டின்னைக் கழுவும்போது அழுதது இப்போதும் நினைவிருக்கிறது. காய்ந்த பருப்பு நிழலில் நன்றாக ஆற வேண்டும். கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அதன் பிறகு கிலோவுக்கு அரை டீஸ்பூன் விளக்கெண்ணெய் விட்டுப் பிசறி, நடுநடுவே இரண்டு வசம்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு மூடுங்கள். சமைக்கும்போது வெந்நீரில் கழுவினால் எண்ணெய் போய்விடும்.

துவரை வரத்து தை, மாசியில். விலை ஏறி நிற்கிற மாதங்களில் சாம்பாருக்கு முக்கால் பங்கு துவரை, கால் பங்கு பாசிப்பருப்பு போடுங்கள். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாரத்தில் ஒரு நாள் தட்டைப்பயறு, ஒரு நாள் கொள்ளு என்று வையுங்கள்.

எண்ணெய் டின்னாக வாங்கினால் லாபமா?
– வாசகர், கோவில்பட்டி

டின்னில் கிலோ என்று எழுதியிருக்கிறதா, லிட்டர் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் தம்பி. ஒரு லிட்டர் எண்ணெயின் எடை சுமார் 910 கிராம்தான். 15 கிலோ டின்னில் ஏறக்குறைய பதினாறரை லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் பதிமூன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், விலையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பாக்கெட்டிலும் ஒரு லிட்டர் போலவே தெரிகிற, எடை குறைந்த பைகள் உண்டு. கிராம் அளவைப் படித்துவிட்டுக் கையை நீட்டுங்கள்.

டின் வாங்கினால் ஒரு ஆபத்து உண்டு. நிறைய இருக்கிறது என்று கை தாராளமாகும். வாரத்துக்கு எவ்வளவோ அதை ஞாயிற்றுக்கிழமை ஒரு தூக்குவாளியில் இறக்கிவிட்டு டின்னை மூடிவிடுவேன். பதினொரு பேருக்கு வாரம் ஒன்றரை லிட்டர். வெள்ளிக்கிழமையே தூக்குத் தீர்ந்தால் சனிக்கிழமை இட்லியும் துவையலும்.

ரேஷன் அரிசியை வாங்கிச் சமைக்க வீட்டில் கூச்சப்படுகிறார்கள். அதில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது என்றும் சொல்கிறார்கள்.
– வாசகி, மேலூர்

கூச்சப்பட ஒன்றுமில்லை கண்ணு. 2011 ஜூனிலிருந்து நம் மாநிலத்தில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சீனி கிலோ 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு வைத்துப் பாருங்கள். மாதா மாதம் எவ்வளவு மிச்சம் என்று நீங்களே சொல்வீர்கள்.

பிளாஸ்டிக் அரிசி என்று சொல்வது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து மணியாகச் செய்து, நூறு மணிக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், களையும்போது சில மிதக்கும். அதைப் பொறுக்கி எறியாதீர்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு வேண்டிய சத்து அதில்தான் இருக்கிறது.

சோறாகப் பிடிக்கவில்லை என்றால் புழுங்கலரிசியை இட்லிக்குப் போடுங்கள். மூன்று தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவி, நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்து மட்டும் நல்லதாக இருக்க வேண்டும், அதில் சிக்கனம் வேண்டாம். ரேஷன் அரிசியில் இட்லி பஞ்சுபோல வரும். இட்லி அரிசி வாங்குகிற செலவு அதோடு நின்றுவிடும்.

காய்கறி எங்கே, எப்போது வாங்குவது நல்லது?
– வாசகி, மதுரை

மதுரையில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா! தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று நம் அண்ணாநகரில்தான் திறந்தது. வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே போங்கள். நல்ல காய் வேண்டுமென்றால் காலை ஆறு மணி. தொக்குக்கும் சட்னிக்கும் தக்காளி வேண்டுமென்றால், சந்தை முடிகிற நேரத்துக்குப் போனால் கூறு கட்டி வைத்திருப்பதைக் குறைந்த விலைக்குத் தருவார்கள்.

பெரிய முகூர்த்தத்துக்கு முந்தின இரண்டு நாள் சந்தைப் பக்கம் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தக்காளி ஏறினால் புளியை வைத்து ஓட்டுங்கள். மார்கழி, தையில் மொச்சையும் அவரையும் மலிவு. அப்போது பச்சை மொச்சைக் குழம்பை வாரம் இரண்டு தரம் வைக்கலாம். புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி சாப்பிடாது, மீனும் கோழியும் விலை இறங்கும். விரதம் இல்லாத வீடென்றால் அந்த மாதம் பிள்ளைகளுக்குத் தாராளமாகச் செய்து கொடுங்கள்.

மாமியார் சிக்கனம் பார்த்து அளவாகச் சமைக்கச் சொல்கிறார். பரிமாறி முடித்து நான் உட்காரும்போது பருப்பும் காயும் இருப்பதில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிடுகிறேன். கைக்குழந்தை இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது?
– வாசகி, உசிலம்பட்டி

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன் மகளே. இந்த மாதம் வந்த கடிதங்களில் எனக்கு முக்கியம் இதுதான்.

என் ஓரகத்தி இரண்டாவது பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நாள் காலை தண்ணீர்க் குழாயடியில் குடத்தோடு சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் மிகக் குறைவு என்றார்கள். "என்னம்மா சாப்பிடறே?" என்று டாக்டர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன். மூன்று பேருக்கும் தெரியும், அவள் மாதக் கணக்காக வடிசோறும் ரசமும்தான் சாப்பிட்டிருந்தாள் என்று. நான் அன்று வரை கச்சிதமாக அளந்து சமைக்கிறேன் என்று பெருமையாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் அத்தை கடைக்குப் போய் மூடி போட்ட சின்னத் தூக்கு ஒன்று வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து குழம்பு இறக்கியதும் முதல் கரண்டிப் பருப்பும் காயும் அந்தத் தூக்கில் போகும். அதன் பிறகுதான் ஆண்களுக்கு இலை. தூக்கை யாரும் தொடக் கூடாது, மாமனாரே ஆனாலும் சரி. முட்டை அவித்தால் அதில் ஒன்று தூக்குக்குள் போகும்.

நீயும் நாளைக்கே ஒரு தூக்கு எடுத்து வை. பருப்பில் தினம் ஒரு கைப்பிடி கூட்டிப் போடு. மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ கூடும், அவ்வளவுதான். அந்தப் பணத்தை எண்ணெயிலும் மசாலாப் பாக்கெட்டிலும் எடுத்துக்கொள்ளலாம், மேலே சொல்லியிருக்கிறேன். மாமியாரிடம் நேராகச் சொல்லத் தயக்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடு. பெரியம்மா, படிக்கிறீர்கள் என்றால் உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன்: பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கிறவளும் இருக்கிற வீட்டில் முதல் கரண்டி அவளுக்கு எடுத்து வையுங்கள், உங்களுக்கும் சேர்த்து.

தூக்கு வைத்தாயா என்று அடுத்த மாதம் எனக்கு எழுது.